வடிதுணி

அந்தக் குளத்துக்கு வேலி கிடையாது.
ஹர்மத்தான் காற்று மாதக்கணக்கில் புழுதி தூவியும்
அது வற்றியதில்லை.
இரண்டு முதலைகள்.
ஒன்றுக்கு என் கணவரின் முப்பாட்டனார் பெயர்.

அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி காய்ச்சினேன்.
ஓராண்டு கழித்து இடது கணுக்காலில் கொப்புளம்,
நெருப்பை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி.
தண்ணீரில் வைத்தால்தான் அடங்கும்.
வைத்தேன்.
கொப்புளம் உடைந்து
வெள்ளை நூல் ஒன்று எட்டிப் பார்த்தது.
நரம்புச்சிலந்தி.

தீக்குச்சியில் சுற்றி இழுக்க வேண்டும்,
நாளுக்கு ஒரு விரற்கடை.
அவசரப்பட்டால் அறுந்துவிடும்,
அறுந்தால் கால் சீழ் கட்டும்.
பத்தொன்பது நாள் என் காலில் ஒரு தறி ஓடியது.
பெருவள்ளிக் கிழங்கு தோண்ட ஆளில்லாமல்
மண்ணிலேயே கெட்டது.
என் மகன் நாபாரி
பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு
மண்வெட்டியை எடுத்தான்.

தமாலேயிலிருந்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார், கையில் பாட்டில்.
குளத்தில் ஊற்றினால் தண்ணீர்ப் பூச்சி சாகும்,
மனிதரை ஒன்றும் செய்யாது என்றார்.
திண்டானா எழுந்து நின்றார். எங்கள் மண்ணின் பூசாரி.
"என் பாட்டன்மார் குடியிருக்கிற வீட்டில்
நஞ்சு ஊற்றுவாயா?"
அதிகாரி சிரித்தார்.
மருந்தில் பிழையில்லை. அந்தச் சிரிப்பில்தான் பிழை.
ஜீப் கிளப்பிய புழுதி அடங்க நேரமாயிற்று.

நாலாம் வகுப்பு படித்தவள் என்று
என்னிடம் ஒரு கட்டுத் துணியும்
கட்டம் போட்ட நோட்டும் விட்டுப் போனார்.
வீடு வீடாக ஏறி இறங்கினேன்.
பானை வாயில் கட்டு, வடித்துக் குடி.
சனாட்டு கேட்டாள்:
"பெரியவர்கள் அந்தத் தண்ணீரில் இருக்கிறார்களே,
துணியில் சிக்கிக்கொண்டால்?"
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இமாம் நெயிண்டோ பேச்சை வளர்க்காதவர்.
உளூவில் வாய் கொப்பளிக்கும் தண்ணீரல்லவா என்று
கெண்டியை நீட்டினார், துணி கட்டச் சொல்லி.
பாதி ஊர் கட்டிக்கொண்டது.
மறுபாதி திண்டானாவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

மழைக்கு முந்தைய பூசைக்கு முதல் நாள் இரவு
அவர் தனியாக என் வாசலுக்கு வந்தார்.
அங்கியைச் சற்றே தூக்கினார்.
கணுக்காலில் கொப்புளம்.
நாளைக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி
கம்புமாவு கரைத்து ஊற்ற வேண்டியவர்.
"இதோடு இறங்கினால்?"
"புழு குஞ்சுகளைக் குளத்தில் விடும்.
அடுத்த வருஷம் எல்லார் காலிலும்."
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
"அப்படியானால் இத்தனை வருஷமும்
கும்பிட இறங்கியவனேதானா?"

ஆமாம் என்று சொல்லவில்லை.
இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.
விளக்கைக் கொஞ்சம் தணித்தேன்.

காலையில் முரசு முழங்க வந்தவர்
கரையிலேயே நின்றுவிட்டார்.
நீண்ட கழி ஒன்றின் நுனியில் சுரைக்குடுவை கட்டி
எட்ட நின்று ஊற்றினார்.
கூட்டத்தில் முணுமுணுப்பு.
முதலை எதுவும் தலை காட்டவில்லை.
காட்டியிருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும்.
ஒரு பானையை மொண்டு வரச் சொல்லி
எல்லார் கண்முன்னும் துணி கட்டி வடித்தார்.
"முன்னோர் எந்தத் துணிக்குள்ளும் புகுந்து வருவார்கள்.
துணியில் தங்குகிறவன் நம் ஆள் இல்லை."

மருந்துப் பாட்டிலை மட்டும்
அவர் கடைசிவரை உள்ளே விடவில்லை.

இரண்டு மழை போனது.
நோட்டில் வரிசையாக முட்டை போட்டேன்.
அதிகாரி வந்து 'நடத்தை மாற்றம்' என்று எழுதி
கையெழுத்திட்டார்.
அந்தக் கழியைப் பற்றி எழுதவில்லை.
நானும் சொல்லவில்லை.

போன வாரம் சனாட்டுவின் பேத்திக்குப் பெயர் வைத்தார்கள்.
நிலா சாயும்வரை ஆடினேன்.
விடிந்து எழுந்தால் கால் வலித்தது.
பயந்துபோய்த் தடவிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
வெறும் வலி,
ஆடியதால் வந்த வலி.